பல்லாரிச் சாம்பல் மேடும் ஒரு பிடிக் கொள்ளும்: கற்கால உழவரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கண்ணன்_ஓசூர் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. போன மாதம் வேலை விஷயமாகப் பல்லாரி போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கூட வேலை செய்யும் கன்னடக்காரர் ஒருவர் வண்டியில் கூட்டிப்போனார். பல்லாரியிலிருந்து ஹொசப்பேட்டை போகும் சாலையில் குடத்தினி என்று ஓர் ஊர். சாலையை ஒட்டியே ஒரு மேடு. தூரத்தில் பார்த்தபோது சூளைச் சாம்பலைக் கொட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கிட்டே போனால் ஒரு பக்கம் வெட்டுப்பட்டு உள்ளே அடுக்கு அடுக்காகத் தெரிகிறது. திருநீறு மாதிரி நைசான சாம்பல் ஒரு அடுக்கு. அதற்கு மேல் கண்ணாடி போல உருகி இறுகி, ஓட்டை ஓட்டையாக ஒரு கெட்டி அடுக்கு. மறுபடி சாம்பல். உதிர்ந்து கிடந்த ஒரு துண்டை எடுத்தேன். கல் என்று நினைத்துத் தூக்கினால் கனமே இல்லை. அங்கேயே வைத்துவிட்டேன்.

ராட்சசர்களை எரித்த சாம்பல் என்று அவர் பாட்டி சொல்வாராம். ஹம்பி பக்கம் நிம்பாபுரத்தில் இதே மாதிரி ஒரு மேடு இருக்கிறது, அதை வாலியை எரித்த இடம் என்கிறார்கள். அறைக்கு வந்து தேடிப் படித்தால், இதெல்லாம் 4,000 வருஷத்துக்கு முந்தைய புதிய கற்கால மக்களின் மாட்டுப்பட்டி என்று போட்டிருக்கிறது.

எழுத்து இல்லை, காசு இல்லை, கோயில் இல்லை. வெறும் சாம்பல். இதை வைத்து மாட்டுப்பட்டி என்று எப்படிச் சொல்ல முடியும்? அவர்கள் பயிர் செய்தார்கள் என்பது எப்படித் தெரிந்தது? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள், அவசரமில்லை.

---

வாத்தியார்_திருப்பத்தூர் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. இந்தச் சாம்பலுக்கு ஏறக்குறைய 120 ஆண்டு வழக்கு நடந்திருக்கிறது.

1843இலேயே நியூபோல்ட் என்ற ராணுவ அதிகாரி இம்மேடுகளைப் பற்றி எழுதிவிட்டார். அதன்பின் ஆளுக்கொரு விளக்கம். எரிமலைக் குழம்பு என்றார்கள். பெரும் வேள்வியின் எச்சம் என்றார்கள். இரும்பு உருக்கிய கசடு என்றும் சொன்னார்கள். சென்னைப் பல்லாவரத்தில் 1863இல் கற்கோடரி கண்டெடுத்தாரே ராபர்ட் புரூஸ் ஃபூட், அவர் நிலவியல் பணிக்காகப் பல்லாரி வட்டாரம் முழுதும் சுற்றியவர். மேடுகளின் பக்கத்தில் வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகளும் மாட்டெலும்புகளும் கிடைப்பதைப் பார்த்து, இது எரிந்த மாட்டுச் சாணம் என்று அவர் துணிந்து சொன்னார். அப்போது எல்லோரும் ஏற்கவில்லை.

வழக்குத் தீர்ந்தது 1950களின் இறுதியில். ஃபிரடெரிக் சோய்னர் என்ற ஆய்வாளர் இச்சாம்பலை நுண்ணோக்கியில் பார்த்தும் வேதியியல் சோதனை செய்தும் சாணம்தான் என்று காட்டினார். மாடு தின்ற புல்லில் மணற்சத்து உண்டு. அது சாணத்தில் தங்கும். கடும் சூட்டில் உருகும், ஆறினால் கண்ணாடியாகும். நீங்கள் கையில் எடுத்தது அதுதான்.

அதே சமயத்தில், 1957இல், தொல்லியலாளர் ரேமண்ட் ஆல்ச்சின் தெலங்கானாவில் மகபூப்நகர் பக்கம் உட்னூரில் ஒரு மேட்டை அடிவரை தோண்டினார். சுற்றிலும் வேலிக்கால் நட்ட குழிகள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அடைப்பு. சாம்பல் அடுக்கின் மீது மாட்டுக் குளம்புத் தடங்கள் அப்படியே பதிந்திருந்தன. அடைத்தார்கள், சாணம் சேர்ந்தது, எரித்தார்கள், மறுபடி வேலி நட்டார்கள்.

30 ஆண்டு வகுப்பில் இப்பாடம் நடத்தியவன் நான். "சாம்பல் மேடு" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். அந்தக் குளம்புத் தடத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டேனே என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

---

கரிசல்காட்டான் எழுதியது:

வாத்தியாரய்யா எழுதினதைப் படிச்சதும் எங்க ஊர் கிடைதான் கண்ணு முன்னாடி நிக்குது.

எங்க பக்கம் சித்திரை, வைகாசியில காடு தரிசாக் கிடக்கும்போது கீதாரிக ஆட்டை ஓட்டிட்டு வந்து கிடை போடுவாங்க. ராத்திரி பூரா ஒரே இடத்துல அடைச்சிருக்கும். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுல இறங்கி, அடுத்த வெள்ளாமை கருகருன்னு வரும். மாட்டுக்கிடையும் அப்படித்தான். ஈ, கொசு அண்டாம இருக்க எருமுட்டையும் சருகும் போட்டு மூட்டம் போடுவோம். சாணம் தீ பிடிச்சா லேசுல அணையாது, உள்ளுக்குள்ளயே கங்கு ஓடும். ரெண்டு நாள் கழிச்சுக் காலை வச்சாலும் சுடும்.

எனக்குப் புரியாதது ஒண்ணுதான். எரு பொன்னுக்குச் சமானம். வெள்ளாமை பண்றவன் அதை மலை மாதிரி குவிச்சு எரிப்பானா? அப்போ அவங்க வெறும் மாடு மேய்க்கிறவங்கதானே, விவசாயிக இல்லையே?

---

நிலா_மதுரை எழுதியது:

கரிசல் அண்ணன் கேட்டதுதான் என் சந்தேகமும். கூடவே இன்னொன்று. ஈ விரட்டப் போட்ட மூட்டத்தில் கண்ணாடி மாதிரி உருகுமா? அவ்வளவு பெரிய தீ என்றால் வேண்டுமென்றே வைத்த தீ. ஆனால் தொல்லியலில் காரணம் தெரியாததையெல்லாம் "சடங்கு" என்று எழுதிவிடுகிறார்கள் என்ற வருத்தம் எனக்கு உண்டு. சான்று என்ன என்று யாராவது சொல்லுங்கள்.

---

செல்வி_மண்வாசம் எழுதியது:

நான் தொல்லியல் முதுகலை படித்தபோது இரண்டு பருவம் அகழாய்வில் வேலை பார்த்தேன். இப்போது வேறு வேலையில் இருக்கிறேன். ஆனாலும் இந்தத் தலைப்பைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கரிசல் அண்ணாச்சிக்கு. "விவசாயி இல்லையே" என்றுதான் ஆராய்ச்சியாளர்களும் ரொம்ப நாள் நினைத்தார்கள். காரணம், அதுவரை அவர்கள் தேடியது கண்ணுக்குத் தெரிகிற பொருட்களை. கோடரி, பானை, எலும்பு. பயிர் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரில் போட்டால்தான் தெரியும்.

அரிசி களையும்போது நம் அம்மாக்கள் அரித்து எடுப்பார்களே, கல் அடியில் தங்கும், அரிசி தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போகும். அதே வேலைதான். அடுப்புச் சாம்பல் இருந்த இடம், குப்பைக் குழி, குதிர் இருந்த குழி என்று ஒவ்வொரு இடத்திலிருந்தும் மண்ணை அளந்து எடுப்போம். வாளித் தண்ணீரில் போட்டுக் கையால் மெதுவாகக் கலக்கினால் மண் கரைந்து அடியில் இறங்கும், கருகின விதையும் கரித்துண்டும் மேலே மிதந்து வரும். அதை அரை மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ கண்ணுள்ள சல்லடையில் வடித்து, துணியில் கட்டி, நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் வெடித்துப் பொடியாகிவிடும். உலர்ந்ததை நுண்ணோக்கியின் கீழே ஒரு தட்டில் பரப்பி, சின்ன தூரிகையால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பிரிப்போம். ஒரு வாளி மண்ணுக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடும். சில நாள் ஒரு விதைகூட இருக்காது.

கருகின விதைதான் வேண்டும். கருகாதது நம் ஈர மண்ணில் சில வருஷம்கூடத் தாங்காது, பூச்சியும் பூஞ்சையும் தின்றுவிடும். கரியாகிவிட்டால் அவற்றுக்கு அதில் தின்ன ஒன்றுமில்லை. 4,000 வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி பயறு வறுக்கும்போது கைதவறி அடுப்பில் விழுந்ததுதான் இன்று நமக்குக் கிடைக்கிறது.

இதில் என் மனசை அறுத்த சம்பவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊர் பேர் வேண்டாம். ஒரு குழியின் அடி மட்டத்திலிருந்து 11 பை மண் எடுத்து வைத்திருந்தோம். ராத்திரி மழை. கூடாரம் ஒழுகி, பைகளில் பேனாவால் எழுதியிருந்த சீட்டு அத்தனையும் கரைந்துவிட்டது. மண் அப்படியே இருக்கிறது, ஆனால் எந்தக் குழி, எத்தனை அடி ஆழம் என்று தெரியாது. அத்தனையையும் கொட்டினோம். இடம் தெரியாத விதைக்கு ஒரு மதிப்பும் இல்லை. அன்றிலிருந்து பைக்குள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு, இரண்டும் பென்சிலில்தான் எழுதுவேன்.

சரி, பல்லாரிக்கு வருகிறேன். அங்கே சங்கனகல்லு, தெக்கலகோட்டை, ஹாவேரி மாவட்டத்து ஹல்லூர் என்று பல புதிய கற்கால ஊர்களின் மண்ணை டோரியன் ஃபுல்லர், ரவி கோரிசெட்டர் குழுவினர் இப்படி நீரில் மிதக்கவிட்டு ஆராய்ந்தார்கள். திரும்பத் திரும்ப வந்தவை நான்கு. கொள்ளு, பச்சைப்பயறு, இரண்டு சிறுதானியம். ஒரு தானியம் கன்னடத்தில் கொறலே என்று இப்போதும் விதைப்பது. மற்றது தினைக்குச் சொந்தக்காரச் செடி, இன்று களையாகத்தான் பார்ப்போம். நான்குமே இந்த மண்ணின் மழைக்காலப் பயிர்கள். கோதுமையும் பார்லியும் வடமேற்கிலிருந்து பிற்பாடு வந்தவை, எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

அதனால் வெறும் மேய்ச்சல்காரர்கள் இல்லை, அண்ணாச்சி. மாடும் இருந்தது, மானாவாரிப் பயிரும் இருந்தது.

---

வாத்தியார்_திருப்பத்தூர் எழுதியது:

அம்மா செல்வி, கொள்ளும் பச்சைப்பயறும் என்று படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எங்கள் மாவட்டப் பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது, புதிய கற்கால அடுக்கில் கிடைத்தவையும் கருகிய கொள்ளும் பச்சைப்பயறும்தான். நம் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது. பல்லாரியும் பையம்பள்ளியும் ஒரே சோறு உண்ட ஊர்கள் என்பது இன்றுதான் எனக்கு உறைத்தது.

---

செல்வி_மண்வாசம் எழுதியது:

அருமை ஐயா. அதே உறவுதான்.

நிலா, உங்கள் கேள்விக்கு. உருகும் அளவு சூடு வேண்டுமென்றால் நிறைய சாணம் குவிந்திருக்க வேண்டும், வேண்டுமென்றே மூட்டிய தீயாகவும் இருக்க வேண்டும். இது பலரும் ஒப்புக்கொள்வது. ஆல்ச்சினே ஆண்டுக்கொரு முறை வைக்கும் விழாத் தீயோடு இதை ஒப்பிட்டார். கர்நாடகத்தில் இன்றும் சங்கராந்தி மாலையில் வைக்கோலைப் பரப்பித் தீ மூட்டி அதன்மேல் மாடுகளைத் தாண்ட விடுகிறார்கள். ஆனால் ஒப்புமை மட்டும் சான்றாகாது, நீங்கள் சொல்வது சரி.

தொல்லியலாளர் பத்தய்யா கர்நாடகத்தில் புதிஹால் என்ற ஊரில் தோண்டியபோது மேட்டை மட்டும் தோண்டாமல் சுற்றி இருந்த இடத்தையும் பரப்பாகத் திறந்தார். பட்டிக்குப் பக்கத்திலேயே வீடுகள், கல் ஆயுதம் செய்த இடம், மாடு அறுத்துக் கூறு போட்ட தரை என்று எல்லாம் வந்தது. அதாவது மேடு தனியாக ஒரு "சடங்கு இடம்" இல்லை, ஊரின் நடுவாசல் மாதிரி. அன்றாடமும் அங்கேதான் நடந்தது, கூட்டமும் அங்கேதான் கூடியது. அவர்களிடம் போய் "இது தொழிலா, சாமி காரியமா" என்று கேட்டால் கேள்வியே புரிந்திருக்காது என்பது என் எண்ணம். நம் மாட்டுப்பொங்கல் எதில் சேர்த்தி?

---

கரிசல்காட்டான் எழுதியது:

சரியாச் சொன்ன தாயி. மாட்டுப்பொங்கலை ரெண்டாப் பிரிக்க முடியாது.

பாலுக்கு வச்சிருந்தாங்களா, கறிக்கா? அது எலும்புல தெரியுமா? ஏன் கேக்கேன்னா, பாலுக்கு வச்சிருக்கிறவன் காளங்கன்னை ரொம்ப நாள் வச்சிருக்க மாட்டான். பசுவைக் கிழடாகுற வரைக்கும் வச்சிருப்பான்.

---

செல்வி_மண்வாசம் எழுதியது:

அண்ணாச்சி, விலங்கெலும்பு பார்ப்பவர்கள் செய்வது அச்சு அசலாக இந்தக் கணக்குதான்! தாடைப் பல் தேய்மானத்தை வைத்து எத்தனை வயதில் செத்தது என்று பிரிப்பார்கள், இடுப்பெலும்பிலும் கால் எலும்பிலும் ஆணா பெண்ணா என்று பார்ப்பார்கள். இளம் காளைக்கன்றுகள் நிறைய, கிழட்டுப் பசுக்கள் நிறைய என்றால் பால். உழவுக்கு வைத்திருந்தால் வயதான எருதுகள், குளம்பெலும்பில் பாரம் இழுத்த அடையாளம். சந்தைக்குப் போய் மாடு பிடித்துப் பழகியவருக்கு இந்த வேலை சீக்கிரம் வந்துவிடும்.

பானையும் சொல்லும். மண்பானைச் சுவரில் ஊறின கொழுப்பைப் பிரித்துப் பார்த்தால் பால் கொழுப்பும் உடம்புக் கொழுப்பும் வேறு வேறு. வடமேற்குத் துருக்கியில் கி.மு. 7ஆம் ஆயிரமாண்டுப் பானைகளில் பால் கொழுப்பு இருந்ததை ரிச்சர்ட் எவர்ஷெட் குழு 2008இல் காட்டியது.

---

நிலா_மதுரை எழுதியது:

கேழ்வரகு ஹல்லூரில் கிடைத்தது என்று பழைய புத்தகத்தில் படித்திருக்கிறேன். உங்கள் நான்கில் அது இல்லையே?

---

செல்வி_மண்வாசம் எழுதியது:

நன்றாகப் பிடித்தீர்கள். கேழ்வரகு ஆப்பிரிக்காவில் பிறந்த பயிர். அவ்வளவு முன்னாலேயே இங்கே இருந்தது என்றால் பெரிய செய்தி. ஆனால் பழைய அறிக்கைகளில் கேழ்வரகு என்று எழுதியவற்றில் பலவற்றைத் திரும்பப் பார்த்தபோது, உமியோடு இருந்த வேறு சிறுதானியமாக இருக்கலாம் என்ற ஐயம் வந்தது. கருகி உப்பிய ஒரு மில்லிமீட்டர் விதையில் இப்படி ஏமாறுவது சுலபம்.

காலத்திலும் இதே சிக்கல். முன்பெல்லாம் ஒரு கைப்பிடி கரி இருந்தால்தான் ரேடியோ கார்பன் முறையில் வயதை அளக்க முடியும். கரி எதிலிருந்து வரும்? கட்டையிலிருந்து. 200 வயது மரத்தின் வைரம் என்றால், எரித்த நாளைவிட 200 வருஷம் பழசாகக் காட்டும். இப்போது ஒற்றை விதை போதும். விதை ஒரே பருவத்தில் முளைத்து விளைந்தது, அதனால் அது சொல்லும் காலம் நேரான காலம். எலி வளை வழியாக மேல் அடுக்கு விதை கீழே விழுந்திருந்தால் அதுவும் மாட்டிக்கொள்ளும். இப்படி அளந்ததில் இன்னொன்றும் தெரிந்தது. ஆயிரம் வருஷமாக வளர்ந்திருக்கும் என்று நினைத்த சாம்பல் மேடுகளில் பல, சில தலைமுறைக்குள்ளேயே எழுந்து நின்றவை.

---

கண்ணன்_ஓசூர் எழுதியது:

இவ்வளவு வரும் என்று நினைக்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. இன்னும் ஒன்று மட்டும். கருகின கொள்ளு கிடைத்தது சரி. அது விதைத்து அறுத்த கொள்ளா, காட்டில் பொறுக்கிய கொள்ளா? விதையைப் பார்த்தே சொல்ல முடியுமா?

---

செல்வி_மண்வாசம் எழுதியது:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், கண்ணன்.

நெல்லில் இருந்து தொடங்குகிறேன். காட்டுச் செடிக்கு மணி உதிர்வதுதான் பிழைப்பு. உதிர்ந்தால்தான் அடுத்த வருஷம் முளைக்கும். மனிதன் அறுத்துக் கட்டிக் கொண்டுவந்து அடுத்த வருஷம் அதிலிருந்தே விதைத்தால், உதிராமல் கதிரிலேயே நின்ற மணிகள்தான் வீட்டுக்கு வரும். வருஷா வருஷம் உதிராத வகை கூடிக்கொண்டே போகும். மணி காம்பைவிட்டுப் பிரிந்த தழும்பில் இது தெரியும். தானாக உதிர்ந்தது வழவழப்பாக இருக்கும், அடித்துப் பிரித்தது பிய்ந்திருக்கும். சீனத்தில் தியான்லுவோஷான் என்ற ஊரில் இந்தத் தழும்புகளை ஆயிரக்கணக்கில் எண்ணினார்கள். ஏறக்குறைய 6,900 வருஷத்துக்கு முன் உதிராதவை 27 சதவீதம். 300 வருஷம் கழித்து 39 சதவீதம். அவ்வளவுதான் ஏறியது. பத்துப் பன்னிரண்டு தலைமுறை நட்டு அறுத்தும் பாதிகூட ஆகவில்லை. மனிதர் உழவுக்கு மாறியதற்குத் தொல்லியலாளர் கார்டன் சைல்ட் "புதிய கற்காலப் புரட்சி" என்று பெயர் வைத்தார். அந்த வயலில் நின்றவர்களுக்குப் புரட்சி நடப்பதாகத் தெரிந்தே இருக்காது.

கொள்ளுக்கு இதைவிட அழகான சான்று இருக்கிறது. பயறு முளைகட்ட ஊறப்போட்டால் நாலைந்து மட்டும் ஊறாமல் கல்லாகவே கிடக்கும், சுண்டலில் கடிபட்டால் பல் தெறிக்கும். அது காட்டுக் குணம். காட்டுப் பயறின் தோல் தடிப்பு, தண்ணீரை உள்ளே விடாது. முதல் மழையில் எல்லாம் முளைத்து, அடுத்து வெயில் காய்ந்தால் வம்சமே போய்விடும் என்பதற்காகச் சில விதை இந்த வருஷம், சில அடுத்த வருஷம் என்று முளைக்கும். விதைக்கிறவனுக்கு அது ஆகாது. போட்டதும் முளைக்கிற விதைதான் அவன் அறுவடைக்கு வரும், அதன் பிள்ளைகளைத்தான் மறுபடி விதைப்பான். தோல் மெலிந்துகொண்டே வரும்.

4,000 வருஷக் கருகின கொள்ளின் தோலை எப்படி அளப்பது? வெட்டினால் பொடியாகும். சார்லின் மர்பியும் ஃபுல்லரும் அந்த விதைகளை இங்கிலாந்தில் சிங்க்ரோட்ரான் என்ற பெரிய எக்ஸ்ரே எந்திரத்தில் வைத்து, உடைக்காமலே உள்ளே படம் எடுத்தார்கள். 2017இல் வெளியிட்ட முடிவு இது: தென்னிந்தியக் கொள்ளின் தோல் கி.மு. 2000க்கும் கி.மு. 1200க்கும் இடையே தடிப்பு, நடுத்தரம், மெலிவு என்று படிப்படியாகக் குறைந்திருக்கிறது. எண்ணூறு வருஷம். அதைச் செய்தவர் ஒருவருக்கும் தான் செய்வது தெரியாது. அவர்கள் பேர் தெரியாது, பேசிய மொழி தெரியாது. அவர்கள் கை பட்ட அளவு மட்டும் அந்தத் தோலில் இருக்கிறது. இதை முதலில் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

---

கண்ணன்_ஓசூர் எழுதியது:

படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

அன்று அதே பயணத்தில் சங்கனகல்லு குன்றுக்கும் போனோம். பாறையில் நீளமாகக் குழிவுகள், வழுவழு என்று. கோடரி தேய்த்த பள்ளம் என்று கூட வந்த கன்னடக்காரர் சொன்னார். உள்ளே கையை வைத்தேன், உள்ளங்கை சரியாகப் பொருந்தியது. குப்கல் பக்கம் கருங்கற்களில் திமில் மாடுகள் செதுக்கியிருக்கின்றன, சில பாறைகளைத் தட்டினால் மணி மாதிரி சத்தம் வருகிறது. கொஞ்ச தூரத்தில் கல்குவாரி வெடிச் சத்தமும் வந்தது. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அதுதான் காதில் கேட்கிறது.

---

வாத்தியார்_திருப்பத்தூர் எழுதியது:

சாம்பலையும் வயலுக்கு எருவென்று வண்டி வண்டியாக அள்ளிப் போயிருக்கிறார்கள் தம்பி. பல மேடுகள் அப்படிக் குறைந்தவைதான். உழவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அவர்களுக்கு அது என்னவென்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருவன். அடுத்த வாரம் பழைய மாணவர்கள் ஐந்தாறு பேரைப் பையம்பள்ளிக்குக் கூட்டிப்போகிறேன். செல்வி, முடிந்தால் நீயும் வாம்மா.

---

செல்வி_மண்வாசம் எழுதியது:

கண்டிப்பாக வருகிறேன் ஐயா. எந்தக் கிழமை என்று சொல்லுங்கள். ஒரு வாளியும் சல்லடையும் எடுத்து வருகிறேன். அந்த இடத்து மண்ணைத் தொட அனுமதி வேண்டும், அதைத் தொட வேண்டாம். வீட்டு அடுப்புச் சாம்பலில் நாலு பயறைப் போட்டுச் செய்து காட்டினாலே பிள்ளைகளுக்குப் புரியும்.

---

கரிசல்காட்டான் எழுதியது:

நேத்து ராத்திரி ஒரு பிடி கொள்ளை எண்ணி, இருநூறு விதை, செம்புத் தண்ணியில போட்டேன். எங்க வீட்டுல "மாட்டுக்கா, ரசத்துக்கா"ன்னு கேட்டா. ரெண்டுக்கும் இல்லைன்னு சொல்லிட்டேன்.

காலையில பாத்தா 193 ஊறி உப்பியிருக்கு. ஏழு அப்படியே கிடக்கு, நகத்தை வச்சு அமுக்குனாலும் இறங்கல. மத்ததை மாட்டுக்கு வச்சுட்டு அந்த ஏழையும் தனியா ஒரு தொட்டியில போட்டு மண்ணு மூடி வச்சிருக்கேன். தினமும் தண்ணி ஊத்துறேன். முளைச்சா வந்து சொல்றேன்.